குறைந்த உஷ்ணநிலையில் வர்ணப் பிலிம் கழுவுதல்

கறுப்பு வெள்ளைப் பிலிமை வீட்டிலேயே கழுவிப் பழகியவர்களுக்கு உஷ்ணநிலை ஒரு பெரிய பிரச்னையாகத் தோன்றுவதில்லை. அறையில் 20 டிகிரி இருந்தாலும் 26 டிகிரி இருந்தாலும், அட்டவணையைப் பார்த்து நேரத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ கொள்கிறார்கள். படமும் நன்றாகவே அமைந்துவிடுகிறது. ஆனால் அதே கைகள் வர்ண நெகட்டிவ் பிலிமை எடுத்தவுடன் தயங்குகின்றன. ஸி-41 என்று வழங்கும் முறைக்கு உற்பத்தியாளர் விதித்துள்ள உஷ்ணநிலை 37.8 டிகிரி சென்டிகிரேட், அதாவது 100 டிகிரி பாரன்ஹீட். டெவலப்பர் இந்த அளவிலிருந்து ஒரு டிகிரியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்கு மேல் விலகலாகாது என்பதும் விதி. காய்ச்சல் என்று நாம் கருதத் தொடங்கும் உஷ்ணநிலையை ஒரு பிளாஸ்டிக் டாங்கில் அவ்வளவு நுட்பமாக நிலைநிறுத்துவது எங்ஙனம் என்ற கேள்வி எழுவது இயல்பே.

டிஜிட்டல் காமிராக்கள் பரவிய பின்னர், ஒரு காலத்தில் கடைவீதிதோறும் காணப்பட்ட கலர் லாபுகள் அருகிவிட்டன. பிலிமில் படம் பிடிப்பதை விரும்பும் இளைஞர் பலர் தங்கள் சுருளைத் தபாலில் வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதாகிறது. இரசாயனத் தொகுப்பை வாங்கித் தாமே கழுவிக்கொள்ள முற்படுவோரின் தொகை பெருகியிருப்பதற்கு இதுவே முக்கிய காரணம். அவர்களிடையே அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. 38 டிகிரிக்குப் பதிலாக 30 டிகிரியிலோ அறையின் இயல்பான உஷ்ணநிலையிலோ நீண்ட நேரம் கழுவினால் என்ன? முடியும் என்பதே விடை. ஆனால் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை யாது, அவ்விலை எப்பொழுது தகும், எப்பொழுது தகாது என்பதை அறியாமல் இறங்கினால் நஷ்டம் மீளாதது. பிலிமில் பதிந்துள்ள மறை உருவம் ஒன்றே ஒன்றுதான். டெவலப்பரில் ஒருமுறை நேர்ந்த பிழையைப் பின்னால் எந்தக் கரைசலாலும் திருத்த இயலாது.

மூன்று அடுக்குகளின் வேலை

வர்ணப் பிலிமைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் நோக்கினால், ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்ட பல மெல்லிய ஜெலட்டின் அடுக்குகளைக் காணலாம். மேலே நீல ஒளிக்கு உணர்ச்சியுள்ள அடுக்கும், நடுவில் பச்சை ஒளிக்கு உரியதும், அடியில் சிவப்பு ஒளிக்கு உரியதும் அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளி உப்பின் நுண்ணிய துகள்களுடன் 'இணைப்பி' என்னும் நிறமற்ற சேர்மம் ஒன்றும் கலந்திருக்கும். டெவலப்பர், ஒளிபட்ட வெள்ளி உப்பைத் தூய வெள்ளியாக மாற்றுகிறது. அவ்வாறு மாற்றுகையில் தான் ஆக்ஸிகரணம் அடைந்து, அருகிலுள்ள இணைப்பியுடன் கூடிச் சாயமாகிறது. மேல் அடுக்கில் மஞ்சளும், நடு அடுக்கில் ஊதா கலந்த சிவப்பான மெஜந்தாவும், அடியில் நீலப்பச்சையான சயானும் உண்டாகின்றன. இந்தக் கருத்தை 1912-ஆம் ஆண்டிலேயே ருடால்ப் பிஷர் என்ற ஜெர்மானிய இரசாயனி காப்புரிமையாகப் பதிவு செய்துவிட்டார். ஆயினும் இணைப்பிகள் ஓர் அடுக்கிலிருந்து மற்றோர் அடுக்குக்கு நகர்ந்துவிடாமல் தடுக்கும் வழி தெரியாமையால் அது இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏட்டளவிலேயே நின்றது.

இதனைத் தீர்த்தவர்கள் இரு வேறு வழிகளில் தீர்த்தார்கள். ஜெர்மனியின் ஆக்பா நிறுவனத்தார் இணைப்பியின் மூலக்கூறுக்கு நீண்ட கொழுப்புச் சங்கிலி ஒன்றை வால் போல ஒட்டி, அது ஜெலட்டினில் சிக்கி நிற்குமாறு செய்தனர். அமெரிக்கக் கோடக் நிறுவனத்தார் இணைப்பியை நுண்ணிய எண்ணெய்த் துளிகளில் கரைத்து, அத்துளிகளை ஜெலட்டினில் பரப்பினர். 1936-ல் வெளிவந்த புதிய ஆக்பாகலரும், 1942-ல் வெளிவந்த கோடாகலரும் இவ்விரு வழிகளின் கனிகள். தமிழில் முழுநீள வர்ணப்படமாக முதன்முதல் 1956-ல் வெளிவந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுக்கப்பட்ட ஜெவாகலர் பிலிம், ஆக்பா வழியைச் சேர்ந்ததே.

நம் வினாவுக்கு இன்றியமையாத செய்தி ஒன்று இங்கே உண்டு. ஆக்பாவின் பழைய பிலிம்கள் 18 முதல் 20 டிகிரியில் கழுவப்பட்டன. கோடக்கின் ஸி-22 முறையும் சுமார் 24 டிகிரியிலேயே நடந்தது. எனவே வர்ண இரசாயனத்துக்கு வெப்பம் கட்டாயம் தேவை என்று எண்ணுவது தவறு. உண்மையில் அக்காலத்தில் வெப்பம் பகையாக இருந்தது. அன்றைய ஜெலட்டின் மென்மையானது. காரக் கரைசலில், அதுவும் வெதுவெதுப்பான கரைசலில், ஊறிப் பொதும்பிப் பிலிமைவிட்டே கழன்றுவிடும். பின்னர் ஜெலட்டினைத் தொழிற்சாலையிலேயே கெட்டிப்படுத்தும் வழிகள் கைவந்தன. வியாபார லாபுகளுக்கோ வேகம் வேண்டியிருந்தது. ஆகவே 1972-ல் ஸி-41 முறை வந்தபோது டெவலப்பரில் இருக்க வேண்டிய நேரம் 3¼ நிமிடமாகச் சுருங்கியது; உஷ்ணநிலை 37.8 டிகிரியாக உயர்ந்தது.

அதாவது 38 டிகிரி என்பது இயற்கை விதித்த எல்லையன்று. பிலிமை வகுத்தவர்கள் தேர்ந்துகொண்ட இடம். ஆனால் தேர்ந்துகொண்ட பின் மூன்று அடுக்குகளையும் அந்த இடத்துக்கே பொருத்திச் சீர்செய்து வைத்திருக்கிறார்கள். 20 டிகிரிக்கென்று பிறந்த பழைய பிலிமை 20 டிகிரியில் கழுவுவதும், 38 டிகிரிக்கென்று பிறந்த இன்றைய பிலிமை 20 டிகிரியில் கழுவுவதும் ஒன்றாகா.

நேரத்தைக் கூட்டினால் போதாதா?

வீட்டு உபயோகத்துக்கென விற்கப்பட்ட ஒரு ஜெர்மானியத் தொகுப்பின் குறிப்பில், டெவலப்பருக்கு 38 டிகிரியில் 3¼ நிமிடமும் 30 டிகிரியில் 8 நிமிடமும் கூறப்பட்டுள்ளன. எட்டு டிகிரி இறங்கியதும் நேரம் ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. கணக்கிட்டால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 12 சதவீதம் ஆகும். (வெவ்வேறு தொகுப்புகளின் அட்டவணைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. வாங்கிய தொகுப்பின் தாளை நம்புவதே முறை. ஒன்றின் நேரத்தை மற்றொன்றுக்குப் பொருத்தலாகாது.) அரை டிகிரி பிழை 6 சதவீதம் வேறுபாட்டை உண்டாக்கும் என்றால், உற்பத்தியாளர் ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார் என்பது விளங்கும்.

இதே கணக்கைத் தொடர்ந்து சென்றால் 20 டிகிரியில் சுமார் 25 நிமிடம் வரும். காகிதத்தில் இது சரியாகவே தோன்றும். பிலிமினுள் நடப்பதோ ஒரே ஒரு வினையன்று. முதலில் டெவலப்பர் ஜெலட்டினில் ஊறி அடி அடுக்குவரை இறங்க வேண்டும். பிறகு வெள்ளியுடன் வினைபுரிய வேண்டும். ஆக்ஸிகரணமான டெவலப்பர் எண்ணெய்த் துளிக்குள் புகுந்து இணைப்பியைச் சேர வேண்டும். இடையிலே, சில இணைப்பிகளிலிருந்து வெளிப்படும் தடைப்பொருள்கள் பக்கத்து அடுக்குகளுக்குச் சென்று அங்கே வேலையை அளவுபட மட்டுப்படுத்தவும் வேண்டும். இன்றைய பிலிம்களின் தெளிந்த நிறங்களுக்கு இந்தத் தடைப்பொருள்களே பெரிதும் காரணம். இவற்றுள் ஊறிப் பரவுதல் உஷ்ணநிலையால் சிறிதளவே பாதிக்கப்படும். இரசாயன வினையோ பெரிதும் பாதிக்கப்படும். உஷ்ணநிலை குறையும்பொழுது இரண்டும் ஒரே விகிதத்தில் மந்தமாவதில்லை. ஒரு வண்டியில் பூட்டிய இரு மாடுகளுள் ஒன்று மட்டும் நடை தளர்ந்தால் வண்டி பக்கவாட்டில் இழுபடுவதைப் போன்றது இது. பயணத்தை நீட்டித்தால் ஊர் வந்து சேரலாம். வண்டி நேராகச் சென்றது என்று சொல்ல முடியாது.

இதன் விளைவை இரு வகையாகப் பிரித்தறிவது மிகவும் பயன்தரும். மூன்று சாயங்களுள் ஒன்று எல்லா இடத்திலும் ஒரே அளவு கூடியோ குறைந்தோ இருந்தால், படம் முழுவதும் ஒரு சாயல் படியும். இது சிறு குறை. அச்சிடுகையில் ஒரு வர்ண வடிகட்டியால் நீக்கிவிடலாம். ஆனால் ஒரு சாயத்தின் ஏற்ற இறக்கமே மாறிவிட்டால், நிழலான பகுதிகளில் ஒரு சாயலும் ஒளி மிகுந்த பகுதிகளில் அதற்கு எதிரான சாயலும் தோன்றும். நிழலைச் சரிசெய்தால் முகம் கெடும். முகத்தைச் சரிசெய்தால் நிழல் கெடும். இதைத் திருத்த எந்த வடிகட்டியும் இல்லை. குறைந்த உஷ்ணநிலையின் உண்மையான விலை இதுவே. எந்தப் பிலிமில் எந்தத் திசையில் இது தோன்றும் என்பதைச் சோதித்துத்தான் அறியவேண்டும்.

இவ்விடத்தில் ஓர் ஆறுதல் உண்டு. நெகட்டிவை ஸ்கானரில் இட்டுக் கணினிக்கு மாற்றுவோர், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் ஏற்ற இறக்கத்தையும் தனித்தனியே வளைத்துச் சீராக்கலாம். வடிகட்டியால் ஆகாத காரியம் கணினியால் ஓரளவு ஆகிறது. வீட்டில் கழுவுவோரிடையே 30 டிகிரி முறை மதிப்புப் பெற்றதற்கு இரசாயன முன்னேற்றத்தைவிட ஸ்கானரே காரணம் என்பது எம் கருத்து. வர்ணக் காகிதத்தில் நேரே அச்சிட விரும்புகிறவர் இந்த ஆறுதலை எதிர்பார்க்கலாகாது.

அறையின் உஷ்ணநிலையே தீர்ப்புக் கூறும்

குறைந்த உஷ்ணநிலையை விரும்புவோர் கூறும் காரணம், அதை நிலைநிறுத்துவது சுலபம் என்பது. இது எப்பொழுதும் உண்மையா? ஒரு பொருள் குளிரும் வேகம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள உஷ்ணநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்று நியூட்டன் காட்டினார். சிறு வேறுபாடுகளுக்கு இது நன்கு பொருந்தும். ஆகவே டாங்கை வெந்நீர்த் தொட்டியில் வைக்காமல் மேசைமேல் வைத்துக் கழுவினால் அது இழக்கும் வெப்பத்தை, 'வேறுபாடு பெருக்கல் நிமிடம்' என்ற எளிய கணக்கால் ஒப்பிடலாம்.

அறை 25 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். 38 டிகிரியில் கழுவினால் வேறுபாடு 13, நேரம் 3¼ நிமிடம், பெருக்கினால் 42. 30 டிகிரியில் கழுவினால் வேறுபாடு 5, நேரம் 8 நிமிடம், பெருக்கினால் 40. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே! வேறுபாடு குறைந்ததால் கிடைத்த ஆதாயம் முழுவதையும் நீண்ட நேரம் விழுங்கிவிட்டது. அறை 15 டிகிரியில் இருந்தால் நிலைமை இன்னும் வியப்பானது. 38 டிகிரிக்கு 75 என்றும், 30 டிகிரிக்கு 120 என்றும் வரும். அதாவது டில்லியின் ஜனவரி மாதத்திலோ உதகமண்டலத்திலோ, சுலபம் என்று நம்பி 30 டிகிரியைத் தேர்ந்துகொள்பவர் கடினமான வழியையே தேர்ந்துகொள்கிறார். அறை 30 டிகிரியில் இருக்கும்பொழுதுதான் கணக்கு முற்றிலும் மாறுகிறது: 38 டிகிரிக்கு 26, 30 டிகிரிக்குப் பூஜ்யம். சென்னையிலோ கல்கத்தாவிலோ ஆண்டின் பெரும்பகுதி குழாய் நீரும் அறையும் 30 டிகிரியை ஒட்டியே நிற்கின்றன. அங்கு 30 டிகிரி முறைக்கு அடுப்பும் வேண்டியதில்லை, பனிக்கட்டியும் வேண்டியதில்லை. நாகபுரியின் மே மாதத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கரைசலைக் குளிரவைக்க வேண்டியிருக்கும். அப்பொழுது 38 டிகிரியே அருகிலுள்ள இடம்.

வெப்பத்தை விட்டு நேரத்தை நோக்கினால், நீண்ட முறைக்கு மறுக்க முடியாத ஒரு நன்மை உண்டு. டாங்கில் கரைசலை ஊற்றவும் வடிக்கவும் பத்து விநாடி முன்பின்னாகலாம். 3¼ நிமிடத்தில், அதாவது 195 விநாடியில், அது 5 சதவீதம். 8 நிமிடத்தில் அது 2 சதவீதமே. கரைசல் பிலிமின் ஒரு முனையை முன்னும் மறுமுனையைப் பின்னும் தொடுவதால் விழும் வரிகளும் நீண்ட முறையில் மட்டுப்படுகின்றன. புதிதாகப் பழகுபவருக்கு இந்த நிதானம் பெரிய உதவி.

20 டிகிரியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு எம் பதில் சுருக்கமானது. படம் கிடைக்கும். நிறம் எப்படியிருக்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது. விசித்திர நிறங்களை விரும்பித் தேடுவோருக்கு அது ஒரு வழி; குடும்பப் படங்களுக்கு அது வழியன்று.

மற்றக் கரைசல்கள்

டெவலப்பரைத் தவிர மற்றவை இவ்வளவு கண்டிப்புள்ளவை அல்ல. வெளுக்கும் கரைசல், வெள்ளியை மீண்டும் உப்பாக்குகிறது. நிலைநிறுத்தும் கரைசல் அவ்வுப்பைக் கரைத்து வெளியேற்றுகிறது. பாதியில் நிறுத்த வேண்டிய டெவலப்பரைப் போலன்றி, இவை முடிவுவரை சென்று தாமே ஓயும் வினைகள். கோடக் முறையில் இவற்றுக்கு 24 முதல் 41 டிகிரி வரை இடம் தரப்பட்டிருக்கிறது. பல வீட்டுத் தொகுப்புகளில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே கரைசலாகத் தருகிறார்கள். குளிர்ந்த நிலையில் இக்கரைசல் மந்தமாக வேலை செய்வதால் நேரத்தைத் தாராளமாக நீட்ட வேண்டும். போதாமற்போனால் சிறிது வெள்ளி பிலிமிலேயே தங்கி, நிறங்கள் மங்கிச் சாம்பல் படிந்தாற்போல் தோன்றும். இதைக் கண்டு குறைந்த உஷ்ணநிலை டெவலப்பரைக் குறைகூறுவோர் பலர். குற்றம் பெரும்பாலும் இரண்டாவது கரைசலுடையது. புதுக் கரைசலில் மறுபடியும் இட்டுக் கழுவினால் இக்குறை நீங்கிவிடும்.

ஒரு கரைசலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்பொழுது உஷ்ணநிலை திடீரென்று பல டிகிரி மாறலாகாது. வெந்நீரிலிருந்து குளிர்நீருக்குப் போன ஜெலட்டின் சுருங்கி நுண்ணிய சுருக்கங்கள் விழும் அபாயம் உண்டு. இன்றைய கெட்டிப்படுத்திய பிலிம்களில் இது அரிதாயினும் அலட்சியத்துக்கு இடம் தரவேண்டாம்.

கருவிகள், காப்பு

தொட்டி பெரிதாக இருக்கட்டும். அரை லிட்டர் டாங்கைச் சுற்றி ஒரு வாளி நீர் இருந்தால், அந்நீரின் உஷ்ணநிலை எட்டு நிமிடத்தில் அதிகம் மாறாது. விலையுயர்ந்த கருவி இல்லாமலே 38 டிகிரியைக் காக்கவும் இதுவே வழி. டெவலப்பர் ஊற்றுமுன் அதே உஷ்ணநிலையுள்ள நீரை ஒரு நிமிடம் டாங்கில் ஊற்றி வைத்தால் டாங்கும் பிலிமும் தயாராகிவிடும். தெர்மாமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை: காய்ச்சல் பார்க்கும் மின்னணுத் தெர்மாமீட்டர் 38 டிகிரியை ஒட்டி மிகவும் நம்பகமானது. ஆனால் சாதாரணமாக அது 32 டிகிரிக்குக் கீழே காட்டுவதில்லை. ஆகவே 30 டிகிரி முறைக்குத் தனி ஆய்வுக்கூடத் தெர்மாமீட்டர் தேவை.

டெவலப்பரிலுள்ள பாரா-பெனிலின்-டையமீன் இனச் சேர்மம் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் புண்ணும் உண்டாகும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்குப் பின்னர் சிறிதளவு பட்டாலும் தொல்லை திரும்பும். கையுறை அணிவதும், ஜன்னலைத் திறந்து வைப்பதும், சமையல் பாத்திரங்களைத் தொடாதிருப்பதும் அவசியம். வெளுக்கும் கரைசல் என்றவுடன் துணி வெளுக்கும் குளோரின் நீரை நினைத்துவிடலாகாது. அம்மோனிய உப்புகள் அடங்கிய இக்கரைசல்களுடன் அது கலந்தால் நச்சுவாயு எழும். பயன்படுத்திய நிலைநிறுத்தும் கரைசலில் கரைந்துள்ள வெள்ளி, நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு விளைவிப்பது. அதைக் கிணற்றருகிலோ கழிவுக் குழியிலோ கொட்டாமல் கேனில் சேர்த்து வைத்து, வெள்ளியை மீட்கும் தொழிலுடையோரிடம் கொடுப்பதே முறை.

சோதனை செய்ய விரும்புவோர் ஒரு சுருளில் ஒரே காட்சியை மாற்றமின்றி இறுதிவரை எடுக்கவும். சாம்பல் நிற அட்டை ஒன்றும், ஒரு மனித முகமும், ஆழ்ந்த நிழலும், வெள்ளை வேஷ்டி போன்ற ஒளிர்ந்த பொருளும் அக்காட்சியில் இருக்கட்டும். இருட்டில் சுருளை நடுவே வெட்டி, ஒரு பாதியை 38 டிகிரியிலும் மறு பாதியை 30 டிகிரியிலும் கழுவி, ஸ்கானரின் அமைப்பு எதையும் மாற்றாமல் இரண்டையும் பதிவு செய்யவும். சாம்பல் அட்டை இரண்டிலும் ஒரே நிறமாகும்வரை ஒன்றைத் திருத்தியபின், அட்டையைவிட்டு நிழலையும் வேஷ்டியையும் பார்க்கவும். அவையும் ஒத்திருந்தால், அந்தப் பிலிமை அந்தத் தொகுப்பில் 30 டிகிரியில் தயங்காமல் கழுவலாம். ஒத்திராவிட்டால், திருமணச் சுருளுக்கு வெந்நீர் வாளியை எடுத்துவைக்க வேண்டியதுதான்.